ஹொப்லாந்து: வழியோரத்துச் சிறு பியர் ஆலை

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் 101ஆம் இலக்க நெடுஞ்சாலை, ஏறக்குறைய 100 மைல் தூரம் கடந்ததும் ஹொப்லாந்து என்னும் சிற்றூரின் நடுவே செல்கின்றது. சில நூறு மக்களே வாழும் ஊர் அது. நெடுஞ்சாலையே அதன் கடைத்தெருவாகவும் அமைந்துள்ளது. மோட்டார் வண்டியில் விரைந்து செல்வோர் ஒரு சில நிமிடங்களில் கடந்துவிடக்கூடிய இவ்வூரில், 1983ஆம் ஆண்டு முதல் பிரயாணிகள் பலர் வண்டியை நிறுத்தி இறங்கலாயினர். அங்கே திறக்கப்பட்ட ஒரு சிறிய பியர் ஆலையே அதற்குக் காரணம்.

ஊரின் பெயரே அதன் பழைய தொழிலைக் கூறுகின்றது. ஹொப்ஸ் என்பது கம்பங்களிலும் கம்பிகளிலும் பற்றி உயர ஏறும் ஒரு கொடி. அதன் பெண் பூங்கொத்துகளில் உள்ள மஞ்சள் நிறப் பிசின் பியருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுப்பதோடு, அது விரைவிற் கெட்டுப்போகாமலும் காக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இப்பள்ளத்தாக்கில் ஹொப்ஸ் பெருமளவிற் பயிராயிற்று. பின்னர் பூஞ்சண நோயும் சந்தை மாற்றமும் பயிரை வீழ்த்தின. 1950களின் நடுப்பகுதியோடு அத்தொழில் மறைந்தது. பேரி மரங்களும் திராட்சைக் கொடிகளும் அந்நிலத்தைப் பிடித்துக்கொண்டன. ஊருக்கு மிஞ்சியது பெயர் மட்டுமே.

இங்கு மீண்டும் பியர் காய்ச்சப்பட்ட வரலாற்றை அறிய, அமெரிக்க மதுச் சட்டத்தைச் சிறிது நோக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் 1,000க்கு மேற்பட்ட பியர் ஆலைகள் இருந்தன. 1920 முதல் 1933 வரை நடைமுறையிலிருந்த மதுவிலக்கு அவற்றுட் பெரும்பாலானவற்றை மூடச் செய்தது. விலக்கு நீங்கிய பின்னரும் சிறிய ஆலைகள் தழைக்கவில்லை. காய்ச்சுவோன் ஒருவன், மொத்தமாக வாங்கி விநியோகிப்போன் வேறொருவன், குடிப்போனுக்கு விற்பவன் இன்னொருவன் என மூன்று படிகளாக வியாபாரத்தைப் பிரித்து வைக்கும் ஒழுங்கைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்படுத்தின. பண்டத்தை மலிவாகப் பெருந்தொகையில் உற்பத்தி செய்யும் கம்பனிகளே இவ்வொழுங்கில் நிலைத்து நிற்க முடிந்தது. 1970களின் இறுதியில் நாடு முழுவதிலும் இருந்த பியர் ஆலைகள் 100க்கும் குறைவே.

அக்காலத்தில் ஜாக் மெக்கோலிப் என்பவர் துணிந்து ஒரு முயற்சி செய்தார். அமெரிக்கக் கடற்படையில் ஸ்கொட்லாந்திலே பணியாற்றியபோது அந்நாட்டுப் பியரைச் சுவைத்தறிந்தவர் அவர். 1976இல், சொனோமா என்னும் ஊரில் நியூ ஆல்பியன் என்ற ஆலையை நிறுவினார். பால் பண்ணைகளில் கழித்த பாத்திரங்களையும் இரும்புப் பீப்பாக்களையும் திருத்தி அவரே சாதனங்களை அமைத்தார். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 170 லீற்றர் மட்டுமே காய்ச்ச முடிந்தது. பியர் நன்றாயிருந்தது, பெயரும் பரவியது. ஆயினும் அச்சிறிய அளவில் இலாபம் கிடைக்கவில்லை. ஆலையைப் பெருப்பிக்கக் கடன் கொடுப்பாரும் இல்லை. 1982இல் அது மூடப்பட்டது.

இதற்கிடையில் சட்டம் மெல்ல இளகத் தொடங்கியிருந்தது. 1978இல் சனாதிபதி ஜிம்மி காட்டர் ஒப்பமிட்ட சட்டமொன்று, சொந்த உபயோகத்திற்காக ஒரு குடும்பம் ஆண்டுக்கு 200 கலன் வரையில் வரியின்றிப் பியர் காய்ச்ச இடமளித்தது. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியா மாநிலம் மேலும் ஒரு படி சென்று, பியர் காய்ச்சுவோர் அவ்விடத்திலேயே உணவோடு சேர்த்து அதனை விற்கலாம் என அனுமதித்தது. அந்த அனுமதியைப் பயன்படுத்தி 1983 ஆகஸ்ட் மாதத்தில் ஹொப்லாந்தில் மென்டசீனோ பியர் கம்பனி தன் கதவைத் திறந்தது. மதுவிலக்குக்குப் பின் அம்மாநிலத்தில் ஆலையும் விடுதியும் ஒன்றாக அமைந்த முதலாவது இடம் அதுவே. நியூ ஆல்பியனின் பாத்திரங்களும் வேலையாட்களும் அங்கு வந்து சேர்ந்தனர். அதன் மதுவமும் வந்தது. ஒரு வீட்டுத் தயிரின் உறைமோர் அடுத்த வீட்டுப் பாலை உறைய வைப்பது போல, மூடப்பட்ட ஆலையின் நுண்ணுயிர் புதிய ஆலையின் பியரை நொதிக்கச் செய்தது.

இத்தகைய சிற்றாலை ஒன்றைப் பார்க்கச் செல்பவர் தொழில் முழுவதையும் ஒரே கூரையின் கீழ்க் காணலாம். முளைக்கவிட்டு உலர்த்திய வாற்கோதுமையை நொறுக்கி, ஏறக்குறைய 65 பாகை வெந்நீரில் ஊறவைப்பர். தானியத்திலுள்ள நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக மாற்றும். அவ்வினிய சாற்றை வடித்து, ஹொப்ஸ் சேர்த்து, ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேல் கொதிக்க வைப்பர். ஆறிய சாற்றில் மதுவத்தை இட்டதும், அது வெல்லத்தை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடும். ஏல் என்னும் வகை ஒரு வாரமளவில் நொதித்துவிடும். பின்னர் சில காலம் தெளியவிட வேண்டும். காய்ச்சிய இடத்திலேயே பரிமாறுவதால் அது புதுமை மாறாதிருக்கும். காலையில் இறக்கிய கள்ளுக்கும் பொழுதேறிய கள்ளுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நம் நாட்டு நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சொனோமாவில் தோற்ற தொழில் ஹொப்லாந்தில் வென்றதற்குக் காரணம் காய்ச்சும் முறையன்று. பாத்திரமும் மதுவமும் ஆட்களும் முன்னிருந்தவையே. மாறியது விற்கும் வழி. இடைத்தரகர் எவருமின்றித் தன் வாசலில் வந்திறங்கும் வழிப்போக்கனுக்கு நேரே விற்றமையால், ஒவ்வொரு குவளையின் முழு வருவாயும் ஆலைக்கே சேர்ந்தது.

அவ்வாலையின் பிற்கால வரலாறும் இதனையே மறுபுறமாகக் காட்டுகின்றது. பறவைகளின் பெயர் தாங்கிய அதன் பியர்கள் போத்தல்களில் அடைபட்டுத் தொலைவூர்களுக்குச் சென்றன. 1990களில் கம்பனி பொதுமக்களுக்குப் பங்குகளை விற்று, அயலிலுள்ள யுக்காய்யா நகரில் பெரியதோர் ஆலையைக் கட்டியது. அச்செலவு அதனைப் பண நெருக்கடியில் ஆழ்த்தியது. 1997இல் இந்தியாவின் பெங்களூரைச் சேர்ந்த யூ.பி. குழுமம் பணமிட்டு ஆதிக்கம் பெற்றது. 2018 ஜனவரியில் கம்பனி தொழிலை நிறுத்தியது. பெரியவர்களின் சந்தையிற் போட்டியிடச் சென்றபோது, வாசலில் விற்ற நாளின் அனுகூலம் அதற்கு இல்லாமற் போயிற்று.

எனினும் அது திறந்த வழி அடைபடவில்லை. ஏனைய மாநிலங்களும் ஒவ்வொன்றாக அத்தகைய அனுமதியை வழங்கின. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பியர் ஆலைகள் 9,000க்கு மேற்பட்டிருந்தன; அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சிறியவையே. மதுவின் நன்மை தீமை பற்றி மக்கள் வேறுபட்ட கருத்துடையோராயிருக்கலாம். ஆயினும் நெசவாயினும் பனைவெல்லமாயினும் சிறு கைத்தொழிலொன்றைக் காக்க விரும்புவோர், ஹொப்லாந்தின் கதையிலிருந்து ஒன்றை அறிந்துகொள்ளலாம். செய்பவன் தன் பொருளைத் தானே விற்கச் சட்டம் இடமளிக்கின்றதா என்பதே அவர்கள் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி.