மடிக்கணினிக்கு வந்த பஞ்சம்

பஞ்சம் என்றதும் நெல்லும் நீருமே நம்மவர் நினைவுக்கு வருவது இயல்பு. 1970களில் பாணுக்காக விடியுமுன்னே வரிசையில் நின்றோர் இன்றும் கொழும்பிலே உளர். ஆயின், 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் பரவியபோது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த குடும்பங்கள் பல, அதுவரை அறியாத புதுவகைப் பஞ்சமொன்றைக் கண்டன. அது மடிக்கணினிப் பஞ்சம். முதலில் எல்லா வகைக் கணினிகளும் அருகின. சில மாதங்களின் பின் எளிய வகைகள் ஓரளவு வந்து சேர்ந்தன. ஆற்றல் மிக்க வகைகளோ, விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தோருக்கும் எளிதிற் கிட்டவில்லை. கையிற் பணமிருந்தும் பொருள் கிடையாத இந்நிலை எங்ஙனம் நேர்ந்தது என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நன்று.

2020 மார்ச் 12ஆம் திகதி, பாடசாலைகள் யாவும் மூடப்படுமென அரசாங்கம் அறிவித்தது. 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. கொழும்பில் அது மே மாதம் 26ஆம் திகதி வரை நீடித்தது. ஒக்டோபரிலே இரண்டாவது அலை எழுந்தபொழுது, வட கொழும்பின் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் முதலிய பகுதிகள் தனிமைப்படுத்தல் ஊரடங்கின் கீழ் வந்தன. க.பொ.த. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வேளை அது. நேத்ரா தொலைக்காட்சியிலே பாடங்கள் ஒளிபரப்பாயின. வட்ஸ்அப் வழியே பயிற்சித் தாள்கள் பறந்தன. 'இணையவழிக் கற்றல்' என்ற சொற்றொடர் அதிகாரிகளின் வாயிலே வெகு எளிதாக வந்தது. நாட்டின் வீடுகளுள் கணினியுள்ளவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவையே என்பது அரசாங்கத்தின் புள்ளிவிபரத் திணைக்களம் முன்னரே வெளியிட்ட கணக்கு. கொழும்பு மாவட்டத்தின் நிலை இதனினும் மேலானதுதான்; எனினும் ஜம்பட்டா வீதியின் பின்புறத் தோட்டங்களுக்கும் காலி வீதியின் மாடிமனைகளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா?

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கணினி என்பது அதுகாறும் பகிர்ந்து பயன்படுத்தப்பட்ட பொருள். வீட்டிலே ஒரு கணினி இருந்தால், பகலில் அது சும்மா இருக்கும். மாலையில் மூத்தவன் பாடம் பார்ப்பான். இரவில் தந்தை கணக்கு எழுதுவார். பாடசாலைக் கணினி அறையில் உள்ள ஒரு பொறியை வாரம் முழுவதும் பல வகுப்புப் பிள்ளைகள் மாறி மாறித் தொடுவர். கட்டுபெத்தையிலுள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே பொறியியலும் கட்டடக்கலையும் பயிலும் மாணவர், வெள்ளவத்தையில் 101ஆம் இலக்கப் பேருந்தில் ஏறிச் சென்று, அங்குள்ள ஆய்வுகூடக் கணினிகளில் தம் வரைபடங்களைச் செய்து வந்தனர். வாயில்கள் யாவும் மூடப்பட்டன. ஒரு கணினி பலருக்கு உதவிய நிலை மாறி, ஒருவருக்கு ஒரு கணினி, அதுவும் ஒரே நேரத்தில் வேண்டுமென்ற நிலை பிறந்தது. மக்கள் பேராசை கொண்டு வாங்கிக் குவித்தனர் என்பார் உளர். அது சரியன்று. காலை எட்டு மணிக்கு மகனுக்கு உயிரியல், மகளுக்குக் கணிதம், தாய்க்கு அலுவலகக் கூட்டம் என்றால், ஒரு பொறி எவ்வாறு போதும்?

இனி, 'ஆற்றல் மிக்க' கணினி என்பது யாது? நினைவகத்தை ஒரு மேசையின் பரப்பாகவும், சேமிப்பகத்தை அலுமாரியாகவும் கொள்வோமாக. அலுமாரி எவ்வளவு பெரிதாயினும், மேசை சிறிதெனில் ஒரு நூலை மூடித்தான் மற்றொன்றைத் திறக்கலாம். 4 ஜிகாபைற் நினைவகமுள்ள மடிக்கணினி, கடிதம் எழுதப் போதும். அதிலே சூம் வகுப்பும் இணைய உலாவியும் ஒருங்கே திறந்தால், பொறி மூச்சுத் திணறும். ஆசிரியரின் குரல் விட்டு விட்டுக் கேட்கும். கட்டடக்கலை மாணவனுக்கு முப்பரிமாண வரைபடம் வரைதற்கு 16 ஜிகாபைற் நினைவகமும், விரைந்த செயலியும், தனியான வரைகலைச் சில்லும் வேண்டும். மென்பொருள் எழுதுவோருக்கும், படத்தொகுப்புச் செய்வோருக்கும் அஃதே. ஆகவே இவ்வகைப் பொறி பலருக்கு ஆடம்பரப் பொருளன்று, தொழிற்கருவியாகும். தையற்காரருக்குத் தையல் இயந்திரம் எப்படியோ, அப்படி.

இத்தகைய தேவை இலங்கையில் மட்டுமா எழுந்தது? உலகமெங்கும் ஒரே காலத்தில் எழுந்தது. ஐ.டி.சி. என்னும் ஆய்வு நிறுவனத்தின் கணிப்பின்படி, 2020இல் உலகில் 30 கோடிக்கு மேற்பட்ட கணினிகள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின; 2021இல் அத்தொகை 34 கோடியே 80 இலட்சத்தைத் தாண்டிற்று. இதனை நோக்குவோர், உற்பத்தி குறையவில்லையே, கூடத்தானே செய்தது, பின்பு பஞ்சம் ஏன் என்று வினவலாம். உற்பத்தி கூடியது உண்மை. தேவை அதனினும் விரைந்து கூடிற்று என்பதே விடை. உற்பத்தியை மேலும் கூட்ட முடியாது தடுத்தவை பெரிய பாகங்களல்ல என்பதுதான் வியப்பு. திரையில் உருவம் தோன்றச் செய்யும் சிறு சில்லு, மின்னோட்டத்தைச் சீர்படுத்தும் சில்லு, ஒலிச் சில்லு ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு டொலர் அளவே விலை பெறுவன. இவற்றைச் செய்யும் ஆலைகள் பழையவை. 8 அங்குலக் குறைகடத்தித் தகடுகளைக் கொண்டு இயங்குவன. ஆதாயம் குறைந்த அப்பழைய முறையில் புதிய ஆலை எழுப்பப் பெரும்பாலோர் முன்வந்திலர். ஆயிரம் டொலர்க் கணினி ஒன்று, ஒரு டொலர்ச் சில்லு வாராமையால் தொழிற்சாலை மேசையிலே முடங்கிக் கிடந்தது. தேர் முழுவதும் அலங்கரித்து முடிந்தபின் அச்சாணியைத் தேடிய கதைதான்.

இன்னும் கேளுங்கள். 2020இன் இளவேனிலில் மோட்டார் வண்டிக் கம்பனிகள், இனி வண்டி வாங்குவார் இலர் எனக் கருதிச் சில்லுகளுக்குக் கொடுத்திருந்த கட்டளைகளை விலக்கிக்கொண்டன. அவ்விடத்தைக் கணினிக் கம்பனிகள் பற்றிக்கொண்டன. ஆண்டிறுதியில் வண்டிகள் விற்கத் தொடங்கவே, மோட்டார்க் கம்பனிகள் திரும்பி வந்து வரிசையில் நின்றன. இருசாராரும், கிடைப்பதைக் கிடைக்கும்போது பெற்றுக்கொள்வோமென்று, வேண்டியதற்கு மேலாகக் கட்டளையிட்டனர். இதன் நடுவே இயற்கையும் சோதித்தது. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வீசிய கடுங்குளிரால் சில்லு ஆலைகள் நின்றன. மார்ச் 19ஆம் திகதி ஜப்பானில் ரெனெசாஸ் கம்பனியின் நாக்கா ஆலை தீப்பற்றியது. நீர் மிகுதியாக வேண்டும் இத்தொழிலுக்குத் தாயகமான தாய்வானில் அவ்வாண்டு கொடிய வரட்சி. ஒரு சில்லு உருவாக மூன்று மாதமளவு செல்லும்; ஓர் ஆலை எழ இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். ஆதலின் தட்டுப்பாடு தொடங்கியபின் எவராலும் அதனை உடனே தீர்த்தல் இயலாததாயிற்று.

சரி, எல்லாவற்றுக்கும் பஞ்சமெனில், உயர்ந்த வகைக்குப் பஞ்சம் மிகுந்தது எதனால்? கம்பனி ஒன்று ஒரே மாதிரிக் கணினியைப் பல அமைப்புகளில் செய்கிறது. அதிகம் விற்கும் இரண்டு மூன்று அமைப்புகளையே இலட்சக்கணக்கில் முன்கூட்டிச் செய்து களஞ்சியங்களுக்கு அனுப்பும். மிகுந்த நினைவகமும் உயர்ந்த செயலியும் கொண்டவற்றைப் பெரும்பாலும் கட்டளை பெற்ற பின்னரே செய்யும். சாதாரண நாளில் இதற்கு இரண்டு வாரம் ஆகும். தட்டுப்பாட்டுக் காலத்தில், கையிலுள்ள பாகங்களைக் கொண்டு எதனை விரைவில் முடிக்கலாமோ அதனையே தொழிற்சாலை முடிக்கும். தனிக் கட்டளைகள் பின்தள்ளப்படும். 2021 ஒக்டோபரில் அப்பிள் கம்பனி வெளியிட்ட புதிய மக்புக் புரோ கணினிகளிலும், மேலதிக நினைவகம் கேட்டோரே நெடிது காத்திருந்தனர். 2022 மார்ச் இறுதியில் ஷங்காய் நகரம் முடக்கப்பட, அங்கே அக்கணினிகளைப் பொருத்தி வந்த குவாண்டா தொழிற்சாலை தடைப்பட்டதும், அவர்களின் காத்திருப்பு மேலும் நீண்டது. வரைகலைச் சில்லுகளுக்கோ வேறொரு போட்டி: எண்ணிம நாணயம் 'தோண்டுவோர்' அவற்றை மொத்தமாக வாரிக்கொண்டனர். மாணவனின் வரைபடமும் சூதாடியின் ஆசையும் ஒரே சில்லுக்காக மோதினவென்றால் மிகையாகாது.

கொழும்பின் நிலை இதனினும் இக்கட்டானது. சந்தை சிறிது. பிற நாட்டுக் கம்பனியின் வரிசையிலே இலங்கை முன்னணியில் நிற்பதில்லை. கொழும்பு முகவர் ஒருவர் நூறு வகைகளையும் தருவிப்பதில்லை. நிச்சயமாக விலைபோகும் சிலவற்றையே தருவிப்பார். உயர்ந்த வகையில் பத்துப் பொறிகளைத் தருவித்து, அவை விலைபோகாது தங்கிவிட்டால் முதல் முடங்குமென்ற அச்சம் அவருக்கு. வணிகர் பதுக்கினர் என்று அந்நாளில் பலர் வெகுண்டனர். பதுக்கியவர் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலுள்ள கணினிக் கடைகளில் வெறிதாய்க் கிடந்த தட்டுகளுக்குப் பதுக்கல் மட்டுமே காரணமெனில், தொலைவிலுள்ள லண்டனிலும் நியூயோர்க்கிலும் அதே வெறுமை தோன்றியது ஏன்?

கொட்டாஞ்சேனையின் உயர்ந்த மாடிகளிலிருந்து நோக்கினால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். மலைபோல் அடுக்கிய கொள்கலன்களும் தெரியும். அவற்றுட் பெரும்பாலானவை இந்நாட்டுக்குரியனவல்ல. ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்கு மாறிச் செல்பவை. அத்துறைமுகத்திலும் 2020இன் இறுதியில் நோய் பரவியமையால் வேலை தாமதித்துக் கப்பல்கள் காத்து நின்றன. 40 அடிக் கொள்கலன் ஒன்றின் உலகச் சராசரிக் கூலி, 2019இல் 1,500 டொலருக்குக் குறைவாக இருந்தது. 2021 செப்டெம்பரில் 10,000 டொலரைக் கடந்தது. வானூர்திச் சரக்கிலே பெரும்பங்கு பிரயாணிகள் விமானத்தின் வயிற்றிலேயே வருவது வழக்கம். கட்டுநாயக்கா 2020 மார்ச்சில் வருகைப் பிரயாணிகளுக்கு மூடப்பட்டு, 2021 ஜனவரி 21ஆம் திகதியே மீளத் திறக்கப்பட்டது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள உறவினர் கைப்பையில் ஒரு கணினி கொண்டுவரும் பழைய வழியும் இதனால் அடைபட்டது.

இவற்றின் மேலாக டொலர்த் தட்டுப்பாடு வந்தது. 2020 மார்ச் தொடக்கம் அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தி வந்தது. 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி, கைப்பேசி உள்ளிட்ட 623 வகைப் பொருள்களுக்கு நாணயக் கடிதம் திறப்போர் முழுத் தொகையையும் முற்பணமாக வைத்தல் வேண்டுமென விதித்து, மறுமாதம் அதனை விலக்கிற்று. விதி விலகினாலும் வங்கிகளிடம் டொலர் மிகுதியாக இல்லை.

இக்காலத்தே மக்கள் செய்தது யாது? வெள்ளவத்தைக் குடும்பங்கள் பல, பாவித்த கணினிகளை நாடின. கணினி திருத்துவோரிடம் கொடுத்து, பழைய பொறியின் முதுகைத் திறந்து, நினைவகத் துண்டொன்றை மேலதிகமாகச் செருகி ஆற்றலைக் கூட்டிக்கொண்டோரும் உளர். இது நல்ல உபாயம், சிக்கனமானதும் கூட. ஆனால் மெல்லிய புதுவகைகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டிருப்பதால் அதற்கும் வழியில்லை. வாங்கும் நாளில் எத்துணை நினைவகமோ, இறுதி வரை அத்துணையே. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலோ பேச்சு மடிக்கணினியைப் பற்றியதே அன்று. ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள், தந்தை வேலைக்குச் சென்றால் கைப்பேசியும் உடன் செல்லும். ஆசிரியர்களும் தம் சொந்தக் கருவியிலும் தம் செலவிலுமே கற்பித்தனர். சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 ஜூலையில் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலினின்றும் விலகியபொழுது, அந்த மெல்லிய இழையும் சில மாதங்கள் அறுந்தது.

2022இல் நிகழ்ந்ததே விதியின் விளையாட்டு. உலகில் தேவை தணிந்தது. அவ்வாண்டு வெளியேறிய கணினிகள் 30 கோடிக்கும் குறைந்தன. பிற நாடுகளிலே களஞ்சியங்கள் நிரம்பி, கடைகள் விலையைக் குறைத்து விற்கத் தலைப்பட்டன. அவ்வேளையிற்றான் இலங்கை ரூபாய் சரிந்தது. மார்ச் 7ஆம் திகதி வரை டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக நின்ற மதிப்பு, மே மாதத்தில் 360 ரூபாயளவு ஆயிற்று. ஆயிரம் டொலர் பெறுமதியான கணினி, வரியும் ஆதாயமும் சேராமலே, 2020இன் தொடக்கத்தில் 1,82,000 ரூபாய். இப்போது 3,60,000 ரூபாய். முன்னர்ப் பணமிருந்தும் பொருளில்லை. பின்னர்ப் பொருளிருந்தும் பணமில்லை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியமையால், கணினி வைத்திருந்தோரும் மின்கலம் தேய்ந்த பொறிகளை வைத்துக்கொண்டு இருளில் அமர்ந்திருந்தனர்.

அக்காலத்தில் அவசரமாக வாங்கப்பட்ட பழைய பொறிகள் பல இன்றும் வீடுகளில் உள்ளன. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் கம்பனி அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுற்றது. பழைய செயலிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. அதே ஆண்டின் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை மீண்டும் விரைந்து ஏறத் தொடங்கிற்று. இம்முறை காரணம் நோயன்று. செயற்கை நுண்ணறிவுக்கெனப் பெருந் தரவு நிலையங்கள் நினைவகத்தை விழுங்குகின்றமையே. பழைய கணினியின் முதுகில் செருகும் நினைவகத் துண்டுகளை 'குருஷியல்' என்ற பெயரில் நெடுங்காலம் விற்றுவந்த மைக்ரோன் கம்பனி, அந்தச் சில்லறை வணிகத்தைக் கைவிடுவதாக 2025 டிசெம்பரில் அறிவித்தது.