மந்திரக் குகையும் சுண்ணக்கட்டிக் குறியும்

மாயம், கொலை, நகைச்சுவை மூன்றும் கலந்த துப்பறியும் கதை மேனாட்டார் அண்மையில் கண்ட புதுமை என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். நான் அவ்வாறு எண்ணவில்லை. அத்தகைய கதையொன்றைத் தமிழ் மக்களுக்கு வண்ணத்திலேயே காட்டிய பெருமை சேலத்திற்கு உண்டு.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம், 1935-ஆம் ஆண்டில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் துப்பறியும் நாவலைத் தழுவி 1950-இல் அவர் இயக்கிய 'திகம்பர சாமியார்' படத்தில், எம். என். நம்பியார் பல வேடம் புனைந்து துப்பறிந்தார். 1956-இல் வெளிவந்தது 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. தமிழில் முழுவதும் வண்ணத்தில் அமைந்த முதற்படம் அதுவே. எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்த அப்படத்தில் சிரிப்பூட்டும் பொறுப்பைத் தங்கவேலு ஏற்றார்.

அலிபாபா கதையில் துப்பறிதல் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். பழைய கதையைச் சற்று நினைவுகூர்வோம். பேராசை கொண்ட காசிம் குகைக்குள் புகுகிறான்; பொருளைக் கண்ட மயக்கத்தில் கதவைத் திறக்கும் சொல்லை மறக்கிறான்; திருடர் கையில் மாள்கிறான். துண்டாடப்பட்ட அவன் உடலை அலிபாபா வீட்டிற்குக் கொணர்கிறான். மார்ஜியானா என்னும் பணிப்பெண், செருப்புத் தைக்கும் கிழவர் ஒருவரைக் கண்ணைக் கட்டி அழைத்துவந்து உடலைத் தைக்கச் செய்கிறாள். காசிம் நோயால் இறந்தான் என்று ஊர் நம்புகிறது.

இனித் துப்பறிபவர் திருடரே! விடியுமுன் விளக்கின்றித் தைத்துக்கொண்டிருந்த கிழவரின் கண்பார்வையை ஒரு திருடன் புகழ்கிறான். 'இருட்டறையில் பிணத்தையே தைத்தவன் நான்' என்று கிழவர் பெருமையடிக்கிறார். எவ்வளவு திறமையாக மறைத்த உண்மை, ஒரு முதியவரின் தற்பெருமையால் வெளிப்பட்டுவிடுகிறது! மீண்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு, கால் பழகிய வழியே நடந்து, அவர் வீட்டைக் காட்டுகிறார். திருடன் கதவில் சுண்ணக்கட்டியால் குறியிடுகிறான். அதைக் கண்ட மார்ஜியானா அண்டை வீட்டுக் கதவுகளிலும் அதே குறியை இட்டுவிடுகிறாள். அடுத்து வந்தவனின் சிவப்புக் குறிக்கும் அதே கதிதான். எங்கும் காணப்படும் அடையாளம் எதையும் அடையாளம் காட்டாது என்ற தருக்கப் பாடத்தை அப்பணிப்பெண் சிரிக்கச் சிரிக்கக் கற்பிக்கிறாள். இறுதியில் தலைவன் குறியேதும் இடாமல், வீட்டையே உற்று நோக்கி மனத்தில் பதித்துச் செல்கிறான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மந்திரம் குகைக் கதவை மட்டுமே திறக்கிறது. அதற்கும் ஒரு சட்டம் உண்டு. சொல்லை மறந்தவன் செல்வனாயினும் விலக்கில்லை. கொலையாளி யார், வீடு எது, ஆபத்து எப்போது வரும் என்பவற்றை மந்திரம் சொல்வதில்லை. அவற்றைக் கண்ணும் காதும் அறிவுமே சொல்கின்றன. மாயக் கதையில் துப்பறிவோன் எழுதப்படாத ஒரு மந்திரத்தால் விடை கண்டுவிட்டால், கதை அங்கேயே இறந்துவிடும், வாசகன் ஏமாற்றப்பட்டவனாவான்.

கதைக்கு அப்பாலும் இதற்குப் பொருள் உண்டு. ஒருவர் திடீரென மாண்டால் 'செய்வினை' என்று சொல்லி முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே முற்றும் அழியவில்லை. அச்சொல் எழுந்தவுடன் கேள்விகள் அடங்குகின்றன. குற்றவாளி தப்புகிறான், துணையற்ற ஓர் ஏழையின்மீது பழி விழுகிறது. காயத்தைப் பார், காலத்தைக் கணக்கிடு, சாட்சியைக் கேள் என்று துப்பறியும் கதை இடைவிடாது வற்புறுத்துகிறது.

ஆகவே, மாணவ நண்பர்களே, மாயக் கதைகளை மகிழ்ந்து படியுங்கள். குகைக் கதவு திறக்கும்போது வியப்படையுங்கள். ஆனால், வீட்டுக் கதவில் புதிதாய் ஒரு குறி தென்பட்டால், அதை இட்டது ஒரு மனிதக் கை என்பதை மறவாதீர்கள்.