எழுதி வைக்கப்பட்ட உரையாடல்கள்



நஜ்ரான் தேசத்துக் கிறித்தவர்களின் தூதுக்குழு மதீனா வந்து நபி (ஸல்) அவர்களைச் சந்தித்த வரலாற்றை நாம் பல ஜுமுஆக்களில் கேட்டிருக்கிறோம். ஈஸா (அலை) அவர்களைப் பற்றி இரு தரப்பாரிடையே நீண்ட வாதம் நடந்தது, கருத்து ஒன்றுபடவில்லை. ஆயினும் அவர்களது உயிருக்கும் உடைமைக்கும் வழிபாட்டுக்கும் பாதுகாப்பளிக்கும் உடன்படிக்கை எழுதித் தரப்பட்டது. பேச்சு உடன்பாட்டில் முடியாத இடத்திலும் எழுத்து நிலைத்தது.

அப்பாசியக் கலீஃபா அல்மஹ்தி, கி.பி. 780-களில் கிழக்குத் திருச்சபையின் தலைவர் திமொத்தேயுவுடன் இரண்டு நாட்கள் மார்க்க விஷயங்களை விவாதித்தார். திமொத்தேயு அதனைச் சிரியாக் மொழியில் ஒரு கடிதமாக எழுதி வைத்தார். கலீஃபாவின் கேள்விகளையும் அவரே எழுதியதால் அதில் ஒரு தரப்பின் சாய்வு இருக்கத்தான் செய்யும். எனினும் அவர் எழுதியிராவிட்டால் அந்த அவையின் கண்ணியமான விவாதம் நமக்குக் கிடைத்திராது.

இத்தகைய பதிவுகள் காயமும் ஏற்படுத்தக்கூடும் என்பதை 2006-ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 12 அன்று, ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆற்றிய உரையில், பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் மனுவேலின் கூற்றொன்றை எடுத்துரைத்தார். நபி (ஸல்) அவர்களை இழித்துப் பேசும் கூற்று அது. அப்பேரரசர் 1391-ஆம் ஆண்டளவில் அங்காராவில் ஒரு முஸ்லிம் அறிஞரோடு நடத்திய 26 உரையாடல்களில் ஏழாவதிலிருந்து அது எடுக்கப்பட்டது. ஒரு குளிர்காலம் முழுவதும் இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசிய பெரும் பதிவிலிருந்து ஒரேயொரு வாக்கியம் மட்டும் உலகின் காதில் விழுந்தது.

முஸ்லிம்களின் உள்ளம் புண்பட்டது நியாயமே. ஆனால் அந்நாட்களில் மேற்குக் கரையில் தேவாலயங்கள் தாக்கப்பட்டதை எந்த நியாயத்தாலும் நாம் மூடிவிட முடியாது. அந்தத் தேவாலயத்தில் தொழுதவர் ரீகன்ஸ்பர்க்கில் பேசவில்லை.

உலமாக்கள் சிலர் வேறு வழியில் சென்றனர். அடுத்த மாதமே 38 அறிஞர்கள் கையொப்பமிட்டு, உரையின் பிழைகளை ஒவ்வொன்றாகச் சுட்டிப் போப்புக்குத் திறந்த மடல் எழுதினர். மறு ஆண்டு, 2007 அக்டோபர் 13 அன்று, 138 பேர் கையொப்பத்துடன், ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 64-ஆவது வசனத்தை அடிப்படையாகக் கொண்டு, ‘நமக்கும் உங்களுக்கும் பொதுவான சொல்’ என்னும் மடல் எல்லாத் திருச்சபைத் தலைவர்களுக்கும் அனுப்பப்பட்டது. இறைவன் மீதான அன்பும் அண்டை வீட்டார் மீதான அன்புமே அதன் பொருள். அதன் பயனாக 2008 நவம்பரில் ரோமில் இரு தரப்பு அறிஞர்களும் மூன்று நாட்கள் கூடினர். போப்பும் தமது உரையின் அச்சுப் பிரதியில், அக்கூற்று தம் சொந்தக் கருத்தன்று என்று அடிக்குறிப்பு சேர்த்தார். (இன்றும் அந்த உரையை எடுத்துக்காட்டுவோரில் எத்தனை பேர் அந்த அடிக்குறிப்பைப் படித்திருக்கிறார்கள்?)

இந்த விஷயத்தில் நம் மீது கூடுதல் பொறுப்பு இருக்கிறது. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், யார் கேட்டு அறிவித்தார் என்று இஸ்னாத் தொடரைப் பேணிய உம்மத் நாம். ‘மாஊன்’ அத்தியாயத்தில் தொழுகையாளிகளைப் பற்றிய வசனத்தோடு நிறுத்திவிட்டு அடுத்ததை ஓதாதவன் எத்தகைய தவறான பொருளுக்குச் சென்றுவிடுவான் என்பதை மதரஸாவின் முதலாண்டு மாணவனும் அறிவான். அந்த நேர்மை பிறர் சொல்லை எடுத்துரைக்கும்போதும் வேண்டும்.

கிறித்தவர்கள் தரப்பில் இப்பணி ஒழுங்காக நடந்து வருகிறது. 1926-இல் துனிஸில் தொடங்கி 1964-இல் ரோமுக்கு இடம்பெயர்ந்த அரபு - இஸ்லாமிய ஆய்வு நிறுவனம், 1975 முதல் ‘இஸ்லாமோகிறிஸ்தியானா’ என்னும் ஆண்டிதழை வெளியிடுகிறது. ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு ஆகிய மொழிகளில் கட்டுரைகளோடு, இரு சமயத்தாரிடையே நடந்த சந்திப்புகளின் ஆவணங்களையும் அது பதிந்து வருகிறது.

ஆவணம் இருந்ததால் முறிவே நேரவில்லை என்பதில்லை. 2011 புத்தாண்டு இரவில் அலெக்சாந்திரியா தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். எகிப்தியக் கிறித்தவர்களின் பாதுகாப்பு குறித்துப் போப் பேசியதை உள்நாட்டு விவகாரத்தில் தலையீடு எனக் கருதிய அல்-அஸ்ஹர், அம்மாதமே வத்திக்கானுடனான உரையாடலை நிறுத்திவைத்தது. ஐந்தாண்டுகளுக்கு மேல் மௌனம் நீடித்தது. 2016 மே 23 அன்று ஷைகுல் அஸ்ஹர் அஹ்மத் அத்தையிப் அவர்கள் வத்திக்கான் சென்று, காலஞ்சென்ற போப் பிரான்சிஸைச் சந்தித்தார். 2019 பிப்ரவரி 4 அன்று அபுதாபியில் இருவரும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையொப்பமிட்டனர். கல்விக்கூடங்களில் அது ஆராயப்பட வேண்டும் என்று அந்த ஆவணமே கோருகிறது.

நமது மதரஸா நூலகங்களில் 2007-ஆம் ஆண்டு மடலின் அரபு மூலத்தை வைக்கலாம். அதே அடுக்கில் ரீகன்ஸ்பர்க் உரையும் அதன் அடிக்குறிப்போடு, 38 அறிஞர்களின் மறுப்பும், 2019-ஆம் ஆண்டு ஆவணமும் இருக்கட்டும். உறவு முறிந்திருந்த ஆண்டுகளின் அறிக்கைகளை நீக்கிவிட வேண்டியதில்லை. அவற்றையும் தேதி வாரியாகச் சேர்த்தே வைக்க வேண்டும்.