வான்கோழிக்கு ஒரு ஜோடி ஸ்டாக்கிங்ஸ்!

“வரும்போது லேடீஸ் ஸ்டாக்கிங்ஸ் ஒண்ணு வாங்கிட்டு வந்துடு. பெரிய சைஸ்!”

ஆபீஸ் நண்பர் போனில் இப்படிச் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதையேதான் நினைத்தேன்.

“மிஸஸுக்கா?”

“இல்லைப்பா, வான்கோழிக்கு!”

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் எனக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். அந்த ஏப்ரல் சனிக்கிழமை, நண்பரும் அவருடைய 80 வயது அப்பாவும் காட்டு வான்கோழி வேட்டைக்குக் கிளம்ப, நானும் ஒட்டிக்கொண்டேன். துப்பாக்கி அவர்களுக்கு, பை எனக்கு!

விடியற்காலை. பெரியவர் பெட்டை மாதிரி குரல் கொடுத்தார். அரை மணியில் சேவல் ஒன்று தோகையை விரித்துக்கொண்டு, ஜானவாச மாப்பிள்ளை கணக்காக ஊர்வலம் வந்தது. ஒரே வெடி!

நான் உற்சாகமாக ஓடிப்போய் வாலைப் பிடித்துத் தூக்கினேன். அங்கேதான் கோட்டை விட்டேன். கையோடு மூன்று இறகு வந்துவிட்டது!

பெரியவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குனிந்து மூன்றையும் பொறுக்கி ஒரு கவரில் போட்டுக்கொண்டார்.

“அப்பாவுக்கு முழங்கால் போச்சு. இதுதான் கடைசி வேட்டை. பாடம் பண்ணி ஹால்ல வைக்கணும்னு ஆசை” என்று நண்பர் காதைக் கடித்தார். எனக்கு ‘திக்’கென்றது. இன்னொன்று சுடலாமே என்றால், மூச்! ஒரு வசந்த சீசனுக்கு ஒருவருக்கு ஒன்றுதான். அதற்கும் பெயர், தேதி, நேரம் எழுதிச் சீட்டுக் கட்டியாக வேண்டும்.

கெடுபிடிக்குக் காரணம் உண்டு. காட்டை வெட்டி, கண்டபடி சுட்டு, 1904-க்குள் ஒஹாயோவில் காட்டு வான்கோழியே இல்லாமல் செய்துவிட்டார்கள். 1956-ல்தான் மறுபடி கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். பண்ணையில் வளர்த்தவை காட்டில் தாக்குப்பிடிக்கவில்லை. வேறு மாநிலக் காடுகளில் பிடித்து வந்தவைதான் பிழைத்துப் பெருகின. “அப்ப எனக்கு 12 வயசு. அதுக்கு முன்னாடி படத்துலதான் பார்த்திருக்கேன்” என்றார் பெரியவர்.

(நம்மூரில் துப்பாக்கியும் கையுமாகக் கிளம்பிவிடாதீர்கள். 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உள்ளே தள்ளிவிடும்!)

அப்புறம் ஆரம்பமானது உபசாரம். முதலில் தலையை போட்டோ எடுத்தார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மின்னும் அந்த மொட்டைத் தலை, உயிர் போன கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடுமாம். ரத்தத்தை ஈரத் துணியால், இறகு படிந்திருக்கும் திசையிலேயே ஒற்றினார்கள். வாயிலும் குண்டு பட்ட ஓட்டைகளிலும் பஞ்சு. வயிற்றைக் கீறக் கூடாது. வெயிலில் போடக் கூடாது, சூட்டில் தோல் கெட்டு இறகு உதிரும்.

இப்போது ஸ்டாக்கிங்ஸ்! தலையை இறக்கைக்குள் செருகி, இறக்கைகளை மடித்து, தலை முதலில், வால் கடைசியில் என்று உள்ளே விட்டார்கள். திருப்பி நுழைத்தால் இறகெல்லாம் எதிர்ப்பக்கம் நிமிர்ந்து முறியும். அதன்மேல் பிளாஸ்டிக் பை, காற்றை வெளியேற்றி ஃப்ரீஸர். நான் பேப்பரில் சுற்றப் போனேன். “ஈரத்தை உறிஞ்சிடும்!” என்று கையைத் தட்டிவிட்டார்கள். அன்று ஃப்ரீஸரிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐஸ்க்ரீமைத் தீர்த்ததுதான் என் ஒரே உருப்படியான உதவி.

பாடம் பண்ணுகிறவரிடம் கொடுக்கையில் நானும் போனேன். தோலை உரித்து, கொழுப்பைச் சுரண்டி, பாத்திரம் தேய்க்கிற சோப்பில் அலசி, ஹேர் டிரையரில் உலர்த்துவாராம். எனக்கே தீபாவளிக்குத்தான் இந்தக் கவனிப்பு! உள்ளே ஃபோம் உடம்பு, காலிலும் இறக்கையிலும் கம்பி, கண்ணாடிக் கண். தலை மட்டும் செயற்கை. போட்டோவைப் பார்த்து வர்ணம் அடிப்பாராம். பெரியவர் கடைசியாக அந்தக் கவரை நீட்டினார். “ஒட்டிடலாம்” என்றார் அவர். எனக்கு மூச்சு வந்தது.

ஒன்பது மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். ஹாலில் தோகை விரித்து நின்றது. மனசுக்குள் வால் இறகுகளை எண்ணினேன். 18-ம் இருந்தது.

“எந்த மூணுன்னு தெரியுதா?” என்றார் பெரியவர்.

“சத்தியமா தெரியலை ஸார்!”

“எனக்குத் தெரியும்” என்று கண்ணடித்தார்.