கடைசற்கட்டை வார்க்கும் செயற்கைப் பிசின்

மரத்தைக் கடைந்து பொருள்கள் செய்வது நம் நாட்டின் பழமையான கைத்தொழில்களுள் ஒன்று. கர்நாடகத்திலுள்ள சென்னபட்டணத்திலும், ஆந்திரத்திலுள்ள ஏட்டிகொப்பாகாவிலும், குஜராத்திலுள்ள சங்கேடாவிலும் தொழிலாளர் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் கோலை அழுத்துவர். உராய்வினால் எழும் சூட்டில் அரக்கு இளகி மரத்தின்மேல் மெல்லிய பூச்சாகப் படியும், ஆறியதும் இறுகும். அரக்கு இயற்கை தந்த பிசின். அதனை மறுபடி சூடேற்றினால் மறுபடி இளகும்.

ஒருமுறை இறுகியபின் சூட்டினால் மீண்டும் உருகாத செயற்கைப் பிசின்கள் இந்த நூற்றாண்டுக்கு முன்னரே தோன்றிவிட்டன. 1907-ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் என்னும் இரசாயன அறிஞர் பீனாலையும் பார்மால்டிஹைடையும் கொண்டு ஆக்கிய பேக்கலைட் அவ்வகையைச் சேர்ந்தது. அதன்பின் பாலியெஸ்டர், ஈபாக்சி என்னும் பிசின்கள் வந்தன. இவை சாதாரண உஷ்ணநிலையிலேயே இறுகுவதால், சிறு பட்டறையிலும் வீட்டிலும் இவற்றை அச்சில் வார்த்து, கடைவதற்குரிய கட்டைகளை ஆக்கிக் கொள்ளலாம். பேனாவின் உடல், உளியின் கைப்பிடி, சிறு கிண்ணம் முதலியவை இவ்வாறு செய்யப்படுகின்றன. எதற்கும் உதவாதென ஒதுக்கிய கணுமரத் துண்டுகளும் பிசினோடு சேர்ந்து அழகிய கட்டைகளாகின்றன.

எனினும், முதன்முறை வார்ப்போரில் பலர் தோல்வியுறுகின்றனர். கட்டை பசைபோல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அன்றேல் வெடித்துப் பிளக்கிறது. சிலவேளை கிண்ணத்திலேயே புகைந்துவிடுகிறது. பிசின் இறுகும் விதத்தை அறிந்து கொண்டால் இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

உலர்வது அன்று, இணைவது

வர்ணப் பூச்சு உலரும்போது அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி வெளியேறுகிறது. பிசின் இறுகுவதோ முற்றிலும் வேறான நிகழ்ச்சி. கலந்த இரு திரவங்களின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே வலையாகிவிடுகின்றன. ஆகவே, வெயிலில் வைப்பதாலோ காற்று வீசுவதாலோ, தவறாகக் கலந்த பிசினைச் சரிப்படுத்த இயலாது.

ஈபாக்சிப் பிசினின் மூலக்கூறு ஒவ்வொன்றின் இரு முனைகளிலும், கரியணு இரண்டும் பிராணவாயு அணு ஒன்றும் சேர்ந்த சிறு வளையம் உண்டு. அதனுடன் கலக்கும் கெட்டியாக்கும் திரவம் பெரும்பாலும் அமீன் வகையைச் சேர்ந்தது. அமீனின் நைட்ரஜனோடு ஒட்டியுள்ள ஹைட்ரஜன் அணு ஒன்று, வளையம் ஒன்றைத் திறந்து அதனோடு பிணைகிறது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதே கணக்கு.

இந்த எண்ணிக்கையை எடையாக மாற்றிப் பார்ப்போம். வழக்கிலுள்ள திரவ ஈபாக்சியில் சுமார் 190 கிராமுக்கு ஒரு பங்கு வளையம் இருக்கிறது. டிரைஎதிலீன் டெட்ரமீன் என்னும் அமீனின் மூலக்கூற்று எடை 146. அதில் வினைபுரியும் ஹைட்ரஜன் அணுக்கள் 6. எனவே, 146-ஐ 6-ஆல் வகுக்க, ஒரு பங்கு வளையத்துக்கு 24.3 கிராம் அமீன் வேண்டும் என்றாகிறது. அதாவது 100 கிராம் பிசினுக்கு ஏறக்குறைய 13 கிராம்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். எடைக்குரிய இந்த விகிதத்தை அளவுக் குவளையால் அளந்தால் என்ன நேரும்? 100 மில்லிலிட்டர் பிசின் சுமார் 116 கிராம் எடையுள்ளது. அதற்குச் சுமார் 15 கிராம் அமீன் தேவை. 13 மில்லிலிட்டர் அமீனோ 13 கிராமுக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆகவே, ஏழில் ஒரு பங்கு சாவி குறைந்துவிடுகிறது. அத்தனை வளையங்கள் என்றும் திறவாமலே நின்றுவிடும். கடைகளில் விற்கும் பிசின்களின் விகிதம் ஒன்றுக்கொன்று மாறுபடும். லேபிளில் கண்ட விகிதம் எடைக்கு உரியதா, கொள்ளளவுக்கு உரியதா என்பதை முதலில் உறுதி செய்து கொள்ளல் வேண்டும். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் சிறு தராசு இத்தொழிலுக்கு இன்றியமையாதது.

பாலியெஸ்டரின் இயல்பு வேறு. அதிலுள்ள ஸ்டைரீனும் பிசினும் சங்கிலியாகப் பிணைவதைத் தொடங்கி வைக்கவே, 100 பங்குக்கு 1 அல்லது 2 பங்கு பெராக்சைடு சேர்க்கிறோம். அது சிறிது கூடினால் பிசின் விரைவில் இறுகும். இப்பழக்கத்தில் ஊறியவர், சீக்கிரம் இறுகட்டும் என ஈபாக்சியிலும் அமீனைக் கூட்டி ஊற்றுவதுண்டு. மிகுதியான அமீன் இணைவதற்கு இடமின்றித் தங்கி, கட்டையை மென்மையாக்கிவிடும்.

கிண்ணத்தில் எழும் சூடு

பிணைப்பு நிகழும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு பங்கு வளையம் திறக்கையில் சுமார் 100 கிலோஜூல் வெப்பம் எழுகிறது. 100 கிராம் பிசினிலிருந்து அவ்விதம் 50 கிலோஜூலுக்கு மேல் கிடைக்கும். அதில் சிறிதும் வெளியேறாவிடில், கலவையின் உஷ்ணநிலை 200 டிகிரிக்கும் அதிகமாக உயரப் போதுமானது. நீரைக் கொதிக்க வைப்பதைக் காட்டிலும் இது எவ்வளவு மிகுதி என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நல்லகாலமாக வெப்பம் வெளியேறிக் கொண்டே இருக்கிறது. ஆனால், அது மேற்பரப்பின் வழியாகவே வெளியேற வேண்டும். தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பிய பிசின் குளிர்ந்தே இருக்கும். அதே பிசின் ஆழமான கிண்ணத்தில் நின்றால் புகையும். இரண்டு சென்டிமீட்டர் சதுரமும் 13 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பேனாக் கட்டைக்கு 52 கன சென்டிமீட்டர் பிசினே போதும். இதில் இடர் குறைவு. கிண்ணம் கடைவதற்குரிய பெரிய கட்டைக்கோ, ஆழ வார்ப்பதற்கென்றே ஆக்கப்பட்டு மெல்ல இறுகும் பிசினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது பல அடுக்குகளாக வார்க்க வேண்டும். உள்ளே மிகச் சூடாகி இறுகிய கட்டை, ஆறும்போது சுருங்கி விரிசல் காணும்.

நம் நாட்டுக் கோடையையும் கருத்திற் கொள்ள வேண்டும். உஷ்ணநிலை 10 டிகிரி உயர்ந்தால் வினையின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். 25 டிகிரியில் 40 நிமிடம் திரவமாக இருக்குமென லேபிளில் கண்ட கலவை, 35 டிகிரியில் 20 நிமிடமே தாங்கும். ஆதலால், கோடையில் விடியற்காலையில் வார்ப்பதும், சிறிது சிறிதாகக் கலப்பதும் நலம். கிண்ணம் புகையத் தொடங்கினால், இயலுமாயின் உடனே வெளியே எடுத்துச் சென்று, எரியும் பொருள் ஏதும் அருகில் இல்லாதவாறு மண்தரையில் வைத்துவிட்டு அகல வேண்டும்.

கலத்தலும் வார்த்தலும்

எடைபோட்ட இரு திரவங்களையும் மூன்று நான்கு நிமிடம் மெதுவாகக் கிளற வேண்டும். கிண்ணத்தின் ஓரத்திலும் அடியிலும் ஒட்டியுள்ள பகுதி கலவாமல் நிற்பதுண்டு. ஆகையால், ஓரங்களை நன்கு வழித்து, வேறொரு கிண்ணத்துக்கு மாற்றி மறுபடி கிளறுதல் சிறந்த முறை. வண்ணத்துக்கு மைக்காப் பொடி ஏற்றது. நீர் கலந்த சாயங்கள் ஆகா.

மரத்துண்டைச் சேர்ப்பதாயின் அது நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரம் சூட்டினால் ஆவியாகிப் பிசினில் குமிழிகளை உண்டாக்கும். மரத்தை நிறுத்து, மிதமான சூட்டில் உலர்த்தி, மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை மேலும் குறையாத நிலையே உலர்ந்ததன் அடையாளம். மரங்களில் மிகுதியானவை பிசினைவிட இலேசானவை, ஆதலால் மிதக்கும். அச்சின் அடியில் ஒரு துளி பசையிட்டு அதனை நிறுத்தி வைத்தல் வேண்டும். ஈபாக்சி பாலிதீனில் ஒட்டாது. எனவே அச்சுக்கு அது ஏற்றது.

கிளறும்போது புகுந்த காற்றுக் குமிழிகளை ஒடுக்க, வார்த்த அச்சை அழுத்தக் கலத்தினுள் வைப்பது வழக்கம். பாயில் விதிப்படி, காற்று மண்டலத்தைப் போல் நான்கு மடங்கு அழுத்தத்தில் குமிழியின் கன அளவு நான்கில் ஒன்றாகும். பிசின் இறுகும் வரையில் அழுத்தம் குறையாதிருத்தல் அவசியம். இதற்கெனச் சோதித்து ஆக்கப்பட்ட கலத்தையே பயன்படுத்த வேண்டும். சமையலறைப் பிரஷர் குக்கரை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அது இத்தகைய அழுத்தத்தைத் தாங்குவதற்காக ஆக்கப்பட்டதன்று.

கண்ணுக்கும் மேனிக்கும் காப்பு

அமீன் தோலில் படப்படச் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். அது பின்னர் வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடக் கூடும். நைட்ரைல் கையுறை அணிதல் வேண்டும். தோலில் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். கரைப்பான்கள் அதனை மேலும் உட்செலுத்தும். பாலியெஸ்டருக்குச் சேர்க்கும் பெராக்சைடு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் அப்புட்டியைத் திறக்கலாகாது. தெறித்துவிட்டால் உடனே பதினைந்து நிமிடமேனும் நீரூற்றிக் கழுவி மருத்துவரை அணுக வேண்டும். பெராக்சைடையும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஸ்டைரீன் ஆவி பரவாதிருக்கக் காற்றோட்டமான இடம் வேண்டும்.

வார்த்த மறுநாள் கட்டை கெட்டியாகத் தோன்றினும், ஈபாக்சி முழு வலிமை பெறச் சாதாரண உஷ்ணநிலையில் ஏழு நாள் வரை ஆகும். அதற்குமுன் இயந்திரத்தில் பூட்டிய கட்டை, உளி பட்டவுடன் உடைந்து தெறிக்கலாம். முகக் காப்பும், தூசிக்குரிய வடிமூடியும் இன்றிக் கடைதல் கூடாது.

எளிய சோதனை ஒன்றுண்டு. ஒவ்வொரு முறை வார்க்கும்போதும், மீதமுள்ள பிசினில் பத்துக் கிராமைத் தனியே ஒரு மூடியில் ஊற்றி, தேதியையும் எடைகளையும் எழுதி வைக்க வேண்டும். ஏழு நாள் கழித்து அதன்மீது நகத்தை அழுத்திப் பார்த்தால் போதும். நகம் பதிந்தால் அக்கட்டையை இயந்திரத்தில் ஏற்ற வேண்டாம். எழுதி வைத்த எடைகளை மீண்டும் நோக்கினால், தவறு எங்கே நேர்ந்ததென்பது பெரும்பாலும் அதிலேயே புலப்படும்.