பேட்டரி இல்லாத ஸ்டிக்கர் போனுடன் பேசுவது எப்படி?

நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய ஸ்டிக்கர். உள்ளே பேட்டரி கிடையாது. போனை அருகில் கொண்டுபோனதும் இணைய முகவரி ஒன்று திரையில் வந்து நிற்கிறது. மின்சாரம் எங்கிருந்து வந்தது?

போனிலிருந்துதான். என்.எஃப்.சி (குறுந்தூரத் தொடர்பு) வசதியுள்ள போனுக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அது 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. ஸ்டிக்கருக்குள்ளும் மெல்லிய உலோகச் சுருள். மாறும் காந்தப்புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். அந்தத் துளி மின்சாரத்தில்தான் ஸ்டிக்கரிலுள்ள சிப் விழித்துக்கொள்கிறது.

பதில் சொல்லும் விதம் இதைவிட அழகு. சிப் தனியாக அலை எதையும் அனுப்புவதில்லை. தன் சுருளின் மின்சுமையை ஏற்றி இறக்குகிறது, அவ்வளவுதான். கிணற்று வாளியில் நீர் ஏறுவதைக் கயிறு பிடித்த கை உணர்வதுபோல, போனின் சுருள் அந்த மாற்றத்தை உணர்ந்து 0, 1 என்று படித்துவிடுகிறது.

நாலைந்து சென்டிமீட்டர் தாண்டினால் ஏன் வேலை செய்வதில்லை? சுருளின் அளவைவிட வெகுவாக விலகினால், தூரம் இரட்டிக்கும்போது காந்தப்புலம் எட்டில் ஒன்றாகிவிடும். அலுமினியப் பரப்பில் ஒட்டினாலும் புலம் படுத்துவிடும். நடுவே ஃபெரைட் என்னும் காந்தப்பொருளாலான தாள் வேண்டும்.

கொள்ளளவும் சொற்பம். பரவலாக விற்கும் என்டேக் 213 சிப்பில் நாம் எழுத 144 பைட்டுகள்தான். முகவரியை மட்டும் வைத்தால் மிச்சத்தை இணையம் பார்த்துக்கொள்ளும். ஆனால் பூட்டாத ஸ்டிக்கரில் யார் வேண்டுமானாலும் வேறு முகவரியை எழுதிவிடலாம். பொது இடத்தில் ஒட்டுமுன் பூட்டிவிடுங்கள்.