குண்டுவீச்சு விமானத்தில் எழுவர்: முதியோர் நினைவும் வரலாற்றுச் சான்றும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே பிரித்தானிய அரச விமானப்படையின் குண்டுவீச்சுக் கட்டளையகத்தின்கீழ்ப் பறந்தோர் ஏறத்தாழ 125,000 பேர். அவர்களுள் 55,573 பேர் மாண்டனர். தப்பியோர் தம் முதுமையிற் கூறிய நினைவுகள் இன்று பெருந்தொகையான ஒலிப்பதிவுகளாகக் கிடைக்கின்றன. லண்டனிலுள்ள பேரரசுப் போர் அரும்பொருட்சாலை 1972ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் காப்பகமொன்றை நிறுவியது. லிங்கன் நகரில் 2018இல் திறக்கப்பட்ட குண்டுவீச்சுக் கட்டளையக நினைவு நிலையமும் இத்தகைய நேர்காணல்களைத் திரட்டியுள்ளது. இவற்றை வீரவரலாறாகவோ குற்ற ஒப்புதலாகவோ வாசிக்கும் வழக்கமே மிகுதி. இவ்விரு வாசிப்பும் இச்சான்றுகளின் இயல்பைத் தவறவிடுகின்றன என்பது எமது கருத்து.

இக்கூற்றுக்களைச் செவிமடுப்போர் முதலில் உணர்வது ஒரு முரண்பாட்டையே. விமானத்தின் உட்புறம் பற்றிய நினைவு வியக்கத்தக்க அளவு துல்லியமானது. கீழேயிருந்த நகரமோ பெரும்பாலும் வெறும் பெயராகவே எஞ்சுகின்றது. இதனை மறதி என்றோ மனச்சாட்சியின்மை என்றோ கூறிவிடுதல் எளிது. ஆனால் லங்காஸ்டர் விமானத்தில் வேலை எவ்வாறு பகுக்கப்பட்டிருந்தது என்பதை நோக்கினால் விடயம் வேறாகத் தோன்றும்.

அவ்விமானத்திற் சென்றோர் எழுவர்: விமானி, பொறியாளர், வழிகணிப்பாளர், குண்டெறிபவர், வானொலி இயக்குநர், சுடுநர் இருவர். பயிற்சி நிலையத்திலே பெரிய கொட்டகையொன்றில் இளைஞர்களைக் கூட்டி, ‘நீங்களே குழு சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று விட்டுவிடுவது வழமை. அவ்வாறு தற்செயலாகச் சேர்ந்தவர்களே ஒருவர் உயிரை மற்றவர் காக்கும் நிலைக்கு வந்தனர். வழிகணிப்பாளர் திரைக்குப் பின்னால், சிறு விளக்கொளியில், வரைபடத்துடனும் பென்சிலுடனும் இரவைக் கழித்தார். தாம் சென்ற இலக்குகளை ஒருபோதும் எட்டிப் பார்த்ததில்லை எனக் கூறும் வழிகணிப்பாளர் பலர். வாற்புறச் சுடுநரோ உறைபனிக் குளிரில், மின்சூடேற்றிய உடையுடன், தாம் கடந்து வந்த இருளையே பல மணிநேரம் பார்த்திருந்தார். அவருடைய பரசூட் சுடுகூண்டுக்கு வெளியே மாட்டப்பட்டிருந்தது. இலக்கைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் மூக்குப்பகுதியிற் குப்புறப் படுத்திருந்த குண்டெறிபவர் மட்டுமே. அவருக்கும் தெரிந்தவை முன்சென்ற விமானங்கள் இட்ட சிவப்பு, பச்சை அடையாள ஒளிகளும் தீயுமே.

குண்டுகள் விழுந்தபின்னரும் உடனே திரும்ப முடியாது. புகைப்படம் எடுக்கப்படும்வரை ஏறத்தாழ அரை நிமிடம் நேராகப் பறந்தேயாகவேண்டும். பலருடைய நினைவில் மிக நீண்டது அந்த அரை நிமிடமே. இப்புகைப்படங்களின் முக்கியத்துவத்திற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இலக்கைத் தாக்கியதாகக் கருதப்பட்ட விமானங்களுள் மூன்றிலொன்றே அதற்கு ஐந்து மைல் தூரத்துக்குள் வந்தது என 1941 ஓகஸ்ட் மாதத்துப் பட் அறிக்கை வெளிப்படுத்தியிருந்தது. தொழிற்சாலையைத் தாக்க இயலாதவிடத்து நகரத்தையே தாக்குவது என்பது அடுத்த கட்டம். 1942 பெப்ரவரி 14ஆந் திகதிய பணிப்பாணை எதிரி நாட்டுப் பொதுமக்களின், குறிப்பாகக் கைத்தொழிலாளரின், மனவுறுதியையே இலக்காக்கியது. ஆதர் ஹரிஸ் தளபதியாகப் பொறுப்பேற்றது அதற்குப் பின்னரேயாம். பழி முழுவதையும் அவர் ஒருவர்மேற் சுமத்துவோர் இத்திகதிகளைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இக்கொள்கை தொழிலாளர் குடியிருப்புகளில் எத்தகைய விளைவைத் தந்தது என்பதை 1943 யூலை ஹம்பேர்க் காட்டியது. ஏறத்தாழ 40,000 பேர் இறந்தனர். தீப்புயல் எழுந்த ஹமர்புறூக் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. மேலே பறந்தவர்களுட் பலரும் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளே என்பதை ஈண்டு மறத்தல் கூடாது.

அவர்களை ஆட்கொண்டிருந்த கணக்கு வேறு. ஒரு பணிச்சுற்று முப்பது பறப்புகளைக் கொண்டது. அனுபவம் வளர வளர உயிர்தப்பும் வாய்ப்பும் வளரும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. கட்டளையகத்தின் ஆய்வுப் பிரிவிற் பணியாற்றிய கணிதவியலாளர் பிறீமன் டைசன் இழப்புகளைக் கணித்தபோது அவ்வாறான தொடர்பெதுவும் புலப்படவில்லை. பறந்தவர்களோ நல்ல குழுவே தம்மைக் காத்தது என்று முதுமையிலும் நம்பினர். கணக்கு அதனைப் பொய்யாக்கலாம். எனினும் அந்நம்பிக்கையின்றி எவர்தாம் முப்பது முறை ஏறியிருப்பர்?

போருக்குப் பிந்திய காலமும் இந்நினைவுகளை வடிவமைத்தது. 1945 மார்ச்சு 28இல் சேர்ச்சில் இக்குண்டுவீச்சையே கேள்விக்குள்ளாக்கிக் குறிப்பொன்று எழுதி, பின்னர் அதனை மீளப்பெற்று மாற்றியெழுதினார். பறந்தவர்களுக்குத் தனிப் பதக்கம் வழங்கப்படவில்லை. லண்டனில் நினைவுச்சின்னம் எழுந்தது 2012இலேயே. பதக்கப் பட்டியிற் பொருத்தும் சிறு சின்னமொன்று 2013இற் கிடைத்தது. ஆகவே முதியவர்களின் குரலில் துயரத்தோடு மனக்குறையும் கலந்து ஒலிக்கின்றது. ‘நாம் கட்டளையை நிறைவேற்றினோம்’ என்ற வாக்கியத்தை அவர்கள் எவருக்கு மறுமொழியாகக் கூறினர் என்பதையும் ஆய்வாளர் கேட்டாக வேண்டும்.

இவ்வகையில் மைல்ஸ் டிறிப் என்ற குண்டெறிபவர் 1969இல் வெளியிட்ட நூல் தனித்துவமானது. தம்முடன் பறந்த குழுவினரை ஆண்டுகள் பல கழித்துத் தேடிச் சென்றவர் அவர். எழுவரோடு எட்டாவதாகப் பயணஞ்செய்த அச்சமே நூலின் தலைப்பாயிற்று. 1945 பெப்ரவரியில் டிறெஸ்டன் தாக்கப்பட்ட இரவு, கீழே எரிந்த நகரைக் கண்டு, விமானத்தைத் தீயிலிருந்து விலக்குமாறு அவர் விமானியிடம் கூறினார். தீயின் விளிம்பைக் கடந்தபின்னரே விசையை அழுத்தினார். குண்டுகள் வெட்டவெளியில் வீழவேண்டும் என்று தாம் நம்பியதாக மட்டுமே எழுதுகின்றார்.